மழை எல்லாருக்குந்தான் பேயுது

அம்மாக்கண்ணு பிறந்ததே பதினோரு நாள் பிந்தித்தான். அதைப் பதிய அவளுடைய அப்பா போனது இன்னும் ஏழு மாதம் பிந்தி. அதனால் அவளுக்கு இரண்டு பிறந்தநாள். இரண்டையும் அவள் கொண்டாடியதில்லை என்றாலும் இரண்டு நாளும் வேலைக்குப் பிந்தித்தான் போனாள். கல்யாணத்தன்று மாப்பிள்ளை அழகுமுத்து மாரியம்மன் கோயிலில் மாலையும் கழுத்துமாக ஒன்றரை மணி நேரம் நின்றான். இவள் ஆற அமர ஒரு கோப்பைச் சாயத்தண்ணி குடித்துவிட்டு வந்து சேர்ந்தாள். இந்த நாடு அவளுக்குப் பிரஜாவுரிமைப் பத்திரம் கொடுத்தபோது அவளுக்கு முப்பத்துமூன்று வயது. இந்த மண்ணில் பிறந்தவள்தான் என்று ஒத்துக்கொள்ள நாட்டுக்கு அவ்வளவு காலம் பிடித்தது. அந்தப் பிந்தலுக்கு யாரும் எச்சரிக்கைக் கடிதம் எழுதவில்லை. அம்மாக்கண்ணு காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் பத்து நிமிடம் பிந்தினால் மட்டும் எழுதினார்கள்.

எழுதியவர் கணக்கப்பிள்ளை சோலைமலை. டயகமவுக்கு மேலே, மேகம் வந்து கதவைத் தட்டுகிற உயரத்தில் இருந்த தேயிலைத் தோட்ட டிவிசனுக்கு அவர்தான் எல்லாம். காலை ஆறரைக்குத் தப்பு மேளம் அடிக்கும். ஆட்கள் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். சோலைமலை பேர் கூப்பிட்டு, எந்த மலையில் கொழுந்தெடுப்பது என்று பிரித்து அனுப்புவார். அனுப்பி முடித்ததும் புத்தகத்தை மூடுவார். மூடிய பிறகு வருகிறவளுக்கு அன்றைக்குப் பேர் இல்லை. பேர் இல்லை என்றால் வேலை இல்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே லயத்துக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அம்மாக்கண்ணுவின் வீடு மேட்டு லயத்தின் கடைசிக் காம்பரா. இருபத்துநாலு காம்பராவுக்கு ஒரே பீலி. தண்ணீருக்கு வரிசையில் நின்று, மகள் தவமலரைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, படங்குத் துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு அவள் புறப்படும்போது கீழே தப்படித்து ஓய்ந்திருக்கும். பிறகு ஓட்டம்தான். தேயிலைக்கு நடுவில், தண்ணீர்க் கான் தாண்டி, கல் தாண்டி, பாதி வழுக்கிப் பாதி பறந்து வருவாள். இருபத்தாறு வருடமாகத் தினமும் காலையில் இப்படி ஓடுகிறவளை யாரும் ஓட்டக்காரி என்று சொன்னதில்லை. நியாயமாகச் சொன்னால் பீலியை மட்டும் குறை சொல்லவும் முடியாது. அவளுக்குப் போர்வைச் சூடும் ரொம்பப் பிடிக்கும்.

"ஐயா, பத்து நிமிசந்தானுங்க. மழைங்க. பாதையெல்லாம் வழுக்குதுங்க. வேணும்னேவா நான் பிந்துறேன்?" என்பாள்.

"மழ எல்லாருக்குந்தான் பேயுது. நாளைக்கு வா" என்பார் சோலைமலை.

இந்த இரண்டு வசனமும் அந்த டிவிசனில் எல்லோருக்கும் மனப்பாடம். குழந்தைகள் விளையாடும்போதுகூட ஒருத்தி அம்மாக்கண்ணுவாகவும் ஒருத்தி கணக்கப்பிள்ளையாகவும் நின்று இதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு ஆடி மாதம் சிரிப்பு நின்றது. சோலைமலை மூன்றாவது கடிதத்தை எழுதிவிட்டார். மூன்றாவது எச்சரிக்கைக் கடிதம் தோட்டத் துரை கைக்குப் போனால் செக்றோல் பதிவேட்டில் பேர் வெட்டிவிடுவார்கள். பேர் போனால் காம்பராவும் போகும். அழகுமுத்து நெஞ்சு நோவு வந்த பிறகு தோட்ட வேலையை விட்டு, லயத்துக்குப் பின்னால் கோவா, லீக்ஸ் என்று மரக்கறி போட்டுக்கொண்டிருந்தான். காம்பரா அம்மாக்கண்ணு பேரில்தான் நின்றது. தவமலருக்கு அந்த டிசம்பரில் ஓ.எல். பரீட்சை. வீடில்லாமல் எந்தப் பிள்ளை பரீட்சை எழுதும்? அன்றைக்குத்தான் முதல் தடவையாக அம்மாக்கண்ணுவுக்குச் சோறு இறங்கவில்லை.

அதே வாரம்தான் ஓட்டப் போட்டி நோட்டீஸ் வந்தது. தோட்ட விளையாட்டுச் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து நடத்துகிற மலையோட்டம். டயகமவிலிருந்து வட்டகொடை ஸ்டேசன் பக்கத்து மைதானம் வரை, பெரும்பாலும் தார் ரோட்டை விட்டுக் குறுக்குப் பாதைகளில் இருபத்துநாலு கிலோமீட்டர். ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தொடக்கம். பகல் ஒரு மணிக்குள் வந்து சேர்கிறவர்களின் பேர் புத்தகத்தில் பதியப்பட்டு மைக்கில் வாசிக்கப்படும். ஆடி மாத மழையில் இப்படி ஒரு போட்டி வைக்கத் தோன்றியவர் யார் என்று தெரியவில்லை. அவர் நிச்சயமாக ஓடவில்லை.

சோலைமலை ஓடுவதாகப் பெரட்டில் அறிவித்தார். ஐம்பத்தொரு வயதில் அவருக்கு அந்த ஆசை இருந்தது. எழுபத்துநாலில் தோட்ட விளையாட்டுப் போட்டியில் ஓடி ஓர் அலுமினியக் கேத்தல் வாங்கியவர். அந்தக் கேத்தலில் இன்றுவரை தண்ணீர் கொதித்ததில்லை. அது அலமாரிக்கு மேல் சாமி மாதிரி இருந்தது.

"ஓட்டம்னா என்னா? நேரம். நேரத்துக்கு வாறவன்தான் ஓட முடியும்" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது அம்மாக்கண்ணு மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"நானுந்தான் தெனம் ஓடி வாறேன். ஒங்களுக்கு முன்ன வட்டகொடைக்குப் போயிருவேங்க ஐயா" என்றாள்.

களம் கொல்லென்று சிரித்தது. சோலைமலைக்குக் காது சிவந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து எல்லோருக்கும் காட்டினார்.

"எனக்கு முன்ன நீ போயிட்டா இத கிழிச்சுப் போடுறேன். நான் முன்ன போயிட்டா, பரிசு குடுக்க வர்ற தொரை கையில அங்கயே குடுத்துருவேன். சம்மதமா?"

"சம்மதங்க."

லயத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் கணக்குப் போட்டாள். மேட்டில் அவள் அவரை விழுங்கிவிடுவாள். ஆனால் சமதரையில் அவருடைய நெட்டைக் காலுக்கு ஈடு கொடுக்க முடியாது. யோசித்துக்கொண்டே சோறு வடித்தாள். வடித்து முடிக்கும்போது முகத்தில் ஒரு சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பைப் பார்த்த அழகுமுத்து, "யாருக்கோ கெட்ட காலம்" என்று மட்டும் சொன்னான்.

பதினெட்டு வருடமாக அந்த மனிதரின் கீழ் வேலை செய்கிறாள். அவருடைய பலம் தெரியாவிட்டாலும் பலவீனம் தெரியும். முத்தல் இலை பிடுங்குகிறவளைக் கண்டால் சோலைமலையால் பேசாமல் போக முடியாது. தேயிலைக்குள் ஆடு நின்றால் விரட்டாமல் போக முடியாது. அது யார் தோட்டம், யார் ஆடு என்பதெல்லாம் அவருக்குப் பிறகுதான். அக்கரப்பத்தனைப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்த நாத்தனார் காளியாயிக்கு அம்மாக்கண்ணு அன்றே ஆள் சொல்லி அனுப்பினாள்.

ஞாயிறு காலை அவள் தொடக்க இடத்துக்கு வந்தபோது ஏழு எட்டு. எல்லோரும் ஓடிப் போயிருந்தார்கள். கொடி அசைத்தவர் கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"போட்டி தொடங்கிருச்சும்மா."

"தெரியும். அதான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

மழை என்றால் சாதாரண மழை அல்ல. காற்று அதைப் பக்கவாட்டில் வீசி அடித்தது. பத்தடிக்கு அப்பால் தேயிலைச் செடியும் தெரியவில்லை, வானமும் தெரியவில்லை. பாதை முழுக்கச் செம்மண் குழம்பு. கொழும்பிலிருந்து வந்திருந்த சப்பாத்துக்கார இளைஞர்கள் முதல் இறக்கத்திலேயே வரிசையாக உட்கார்ந்து காலிலிருந்து அட்டை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அம்மாக்கண்ணு முழங்கால்வரை சவர்க்காரம் பூசியிருந்தாள். இடுப்பில் படங்கு, தலையில் பொலித்தீன், வெறுங்கால். அவளைப் பார்க்க ஓட்டப் போட்டிக்குப் போகிறவள் மாதிரி இல்லை. வழக்கம்போல வேலைக்குப் பிந்தியவள் மாதிரித்தான் இருந்தாள்.

நாலாவது மைலில் மூடுபனிக்குள்ளிருந்து சோலைமலையின் குரல் கேட்டது.

"இது கொழுந்தா? இத மாடு திங்குமா? ரெண்டு எல ஒரு மொட்டுன்னு ஒங்களுக்கு யாரும் சொல்லித் தரலியா?"

ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்குக் கொழுந்தெடுக்க வந்திருந்த காளியாயியின் கூட்டாளிகள் ஆறு பேர், அவர் கண்ணெதிரே முத்தல் இலையாகப் பார்த்துப் பார்த்துப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக் கென்வஸ் சப்பாத்தும் தொப்பியுமாக நின்று, ஒருத்தியின் கூடையைக் கவிழ்த்து அவர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ஊர் பேர் தெரியாத தோட்டம். சம்பளமும் அவர் கொடுப்பதில்லை. அம்மாக்கண்ணு குனிந்து, அடுத்த நிரை வழியாகக் கடந்து போனாள். போகிற போக்கில் ஒருத்திக்குக் கண்ணைச் சிமிட்டினாள்.

ஆனால் ரோட்டுப் பகுதி வந்ததும் அவர் எட்டிப் பிடித்துவிட்டார். "எங்கிட்டயா?" என்று சொல்லிக்கொண்டே நீண்ட எட்டு வைத்துத் தாண்டிப் போனார். ஓடும்போதும் ஒரு கையால் தொப்பியை அழுத்திப் பிடித்திருந்தார். அதன் ஓரத்தில் ஒரு பொலித்தீன் பையின் நுனி தெரிந்தது; அந்தக் கடிதம் அதற்குள்தான் பத்திரமாக இருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. ஓட ஓட அவளுடைய கண் அந்தத் தொப்பியிலேயே இருந்தது. அதற்குள்தான் அவளுடைய காம்பரா போய்க்கொண்டிருந்தது.

லிந்துலை நெருங்குகிற சரிவில் ஆடு வந்தது. காளியாயியின் கறுப்பு ஆடு, அவளைப் போலவே பிடிவாதக்காரி. தேயிலைக்குள் நின்று நிதானமாகத் துளிர் மேய்ந்தது. "ஏய்! ச்சூ! யார் ஆடு இது?" என்று சோலைமலை பாதையை விட்டு இறங்கியதைப் பார்த்தபோது அம்மாக்கண்ணுவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. ஆடு நாலு நிரை தள்ளிப் போய் நின்றது. அவரும் நாலு நிரை தள்ளிப் போனார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

மேட்டில் ஏறும்போது பின்னால், மலையில் ஆட்களைக் கூப்பிட அவர் கழுத்தில் மாட்டியிருக்கிற விசில் கேட்டது. ஆட்டுக்கு விசில் ஊதுகிறாரே என்று இன்னும் சிரித்தாள். அரை மைல் போயிருப்பாள். மறுபடியும் விசில். இந்தத் தடவை நீளமாக மூன்று.

அம்மாக்கண்ணு நின்றுவிட்டாள். மலையில் மூன்று நீள விசில் என்றால் ஒரே அர்த்தம்தான். குளவி கொட்டினாலும், ஆள் உருண்டு விழுந்தாலும், கையிலிருக்கிற கூடையைப் போட்டுவிட்டு எல்லோரும் ஓடி வர வேண்டும். அதைக் கேட்டுவிட்டு மேலே நடந்தவள் என்று எந்தத் தோட்டத்திலும் யாரும் கிடையாது.

'ஏமாத்துறாரு' என்று நினைத்தாள். நாலடி ஓடினாள். 'நான் ஆடு விட்டா அவரு விசில் விடுறாரு' என்று இன்னும் நாலடி ஓடினாள். மூன்றாவது தடவையும் விசில் வந்தது. முடிவில் காற்றுப் போதாமல் இழுத்தது. ஆட்டை அங்கே விடச் சொன்னது அவள்தானே. தன்னையும் ஆட்டையும் காளியாயியையும் சேர்த்துத் திட்டிக்கொண்டு திரும்பி ஓடினாள்.

சோலைமலை இடுப்பளவு கானுக்குள் கிடந்தார். ஒரு கால் கல்லிடுக்கில் மாட்டியிருந்தது. மலைத் தண்ணீர் முழுக்க அந்தக் கான் வழியாக அவர் நெஞ்சில் மோதிக்கொண்டிருந்தது. முகம் வெளிறிவிட்டது. தொப்பி மட்டும் தலையில் அப்படியே இருந்தது. மேலே நின்று ஆடு எட்டிப் பார்த்தது.

"லெட்டரக் குடுங்க. தூக்கிவிடுறேன்" என்றாள்.

"அது வேற… இது வேற" என்றார் பல் கிட்டிக்க.

"செத்தாலும் திருந்த மாட்டீங்களா?"

"பந்தயம்னா பந்தயந்தான்."

அவளுக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். போகவில்லை. கானுக்குள் இறங்கி, கல்லைப் புரட்டி, காலை உருவினாள். சப்பாத்து கல்லுக்கே சொந்தமாகிவிட்டது. கணுக்கால் பனங்காய்போல வீங்கியிருந்தது. படங்கின் ஓரத்தைக் கிழித்து இறுக்கிக் கட்டினாள். அவருடைய கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

பிறகு அவர்கள் ஓடினார்கள் என்று சொன்னால் அது பொய். ஒருவர் நொண்ட, ஒருத்தி இழுக்க, இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே போனார்கள். "அந்த ஆடு யாருதுன்னு எனக்குத் தெரியும்" என்றார் அவர். "ஆடு ஒங்கள கூப்புட்டுச்சா?" என்றாள் இவள். தலவாக்கலைச் சந்தியில் குடை பிடித்து நின்ற பொலிஸ்காரர், மழைக்குள் ஓடுகிறீர்களா என்று சிங்களத்தில் ஆச்சரியப்பட்டார்.

"மே வெஸ்ஸே துவனவாத அக்கே?"

"துவன்னே நே மாத்தயா, அதினவா" என்றாள் அம்மாக்கண்ணு. ஓடவில்லை, இழுக்கிறேன் என்று. பொலிஸ்காரர் சிரித்த சிரிப்பில் குடை சாய்ந்துவிட்டது.

வட்டகொடை மைதானத்துக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஒரு மணி பதினோரு நிமிடம். துரை பரிசு கொடுத்துவிட்டுக் காரில் ஏறிப் போயிருந்தார். மைக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். தகரக் கூரைக்குக் கீழே மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர் இராசரத்தினம் மாஸ்டர். பருத்தித்துறைக்காரர், பதினாறு வருடமாக மலைநாட்டில் படிப்பிக்கிறவர். அவருடைய மணிக்கூடு தப்பினாலும் அவர் தப்பமாட்டார் என்று பெயர். பேர்ப் புத்தகத்தை மூடி அதன் மேல் கையை வைத்திருந்தார்.

சோலைமலை அம்மாக்கண்ணுவின் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நிமிர்ந்து நின்றார். "சோலைமல, கணக்கப்புள்ளைங்க. பேர் பதிஞ்சுக்கங்க."

"ஒரு மணிக்குப் புத்தகம் மூடியாச்சு. பதினொரு நிமிசம் பிந்திட்டியள். இனிப் பதியேலாது" என்றார் மாஸ்டர்.

பேர் இல்லை. பதினெட்டு வருடமாக மற்றவர்களுக்குச் சொன்ன சொல் முதல் தடவையாகத் சோலைமலையின் பக்கமே திரும்பியது. இவ்வளவு தூரம் வந்து பேர் இல்லை என்றால் அவர் ஓடவே இல்லை என்றுதானே அர்த்தம்? கேத்தலுக்கு முன்னால் எப்படி நிற்பது? கையைக் கட்டிக்கொண்டார். குரல் தானாகவே குழைந்தது.

"ஐயா, பத்து நிமிசந்தானுங்க. மழைங்க. பாதையெல்லாம் வழுக்குதுங்க. வேணும்னேவா நான் பிந்துறேன்?"

சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய வசனம் என்று அவருக்கு உறைத்தது. பக்கத்தில் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"மழை எல்லாருக்கும்தானே பெய்தது. அடுத்த வருசம் வாங்கோ" என்றார் மாஸ்டர்.

அம்மாக்கண்ணு கூரைத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. அது முழுக்கச் சிரிப்பினால் மட்டும் வந்ததல்ல. அந்த வசனத்தை அவள் எத்தனை காலை சொல்லிவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் திரும்பி ஏறியிருப்பாள்.

மாஸ்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் கட்டுப்போட்ட காலைப் பார்த்து மனம் கொஞ்சம் இளகியது. "சரி, பிந்தினதுக்குக் காரணத்தை எழுத்தில தாங்கோ. பேரைக் கடைசியில சேக்கிறன். என்னட்டக் கடதாசி இல்லை, எல்லாம் நனைஞ்சு போச்சு" என்று பேனாவை நீட்டினார்.

"தொப்பிக்குள்ள ஒண்ணு காஞ்சு கெடக்குமேங்க ஐயா" என்றாள் அம்மாக்கண்ணு, பரம சாதுவாக.

சோலைமலை மெல்லத் தொப்பியைக் கழற்றி, பொலித்தீன் பையைப் பிரித்து, கடிதத்தை எடுத்து, பின்பக்கத்தில் எழுதினார். கான், கால், வழுக்கல், மழை எல்லாம் எழுதினார். ஆட்டைப் பற்றி எழுதவில்லை. மாஸ்டர் வாங்கி வாசித்தார். விடைத்தாள் திருத்துகிற பழக்கத்தில் மறுபக்கத்தையும் திருப்பினார்.

"'மேற்படி தொழிலாளி தொடர்ந்து பிந்தி வருவதால் பேர் வெட்டும்படி…' இது ஆரைப் பற்றினது?"

சோலைமலை காகிதத்தைக் கேட்டு வாங்கினார். செக்றோலில் பேர் வெட்டுகிற அதே கோட்டை, மூலைக்கு மூலை, முன்பக்கம் முழுவதற்கும் இழுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"அது தப்பா எழுதினதுங்க" என்றார்.

மாஸ்டர் புத்தகத்தைத் திறந்தார். "உங்கள் ரெண்டு பேரில ஆர் முதல்ல வந்தது?"

சோலைமலை அம்மாக்கண்ணு பக்கம் கையைக் காட்டப் போனார். அவள் முந்திக்கொண்டாள்.

"அவருதாங்க. நான் பிந்தித்தான் வந்தேன்."

அந்த ஆண்டுப் புத்தகத்தில் கடைசிப் பேர் அவளுடையதுதான். அதில் அவளுக்கு இன்றுவரை பெருமை.

மறுநாள் திங்கட்கிழமை தப்படிக்கும் முன்பே அம்மாக்கண்ணு பெரட்டுக் களத்தில் நின்றாள். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை. ஆட்கள் அவளை உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்கள். ஆறரை ஆனது. கணக்கப்பிள்ளையைக் காணவில்லை. ஆறு நாற்பதுக்கு மூடுபனிக்குள்ளிருந்து ஒரு தடியை ஊன்றிக்கொண்டு சோலைமலை நொண்டி நொண்டி வந்தார். முன்வரிசையில் அவள் நிற்பதைப் பார்த்ததும் அவர் நின்றுவிட்டார். என்ன வரப்போகிறது என்று அவருக்குத் தெரியும்.

"பத்து நிமிசந்தானுங்க ஐயா" என்றாள் அம்மாக்கண்ணு. "உள்ள வாங்க."

அன்றைக்கு அவர் புத்தகத்தைக் கடைசிவரை மூடவில்லை. செவ்வாய்க்கிழமை அம்மாக்கண்ணு வழக்கம்போலப் பிந்தி வந்தாள். அவர் நிமிர்ந்து பார்க்காமல் அவளுடைய பேரைப் போட்டார்.